லிஃப்ட் போட்டால் மைலேஜ் குறையாதாம்!

கருப்புத் தார் கோவை | ஞாயிறு, இரவு 9.40

நேற்று வேறொரு மஹிந்திரா தார் ஜீப் குழுவில், லிஃப்ட் போடுவதைப் பற்றி, அதாவது வண்டியின் உடம்பைச் சக்கரத்துக்கு மேலே இன்னும் உயர்த்துவதைப் பற்றி, ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "2 இஞ்ச் லிஃப்ட் போட்டால் மைலேஜில் ஒரு சொட்டு வித்தியாசமும் வராது. வந்தால் ஓட்டுகிறவர் காலில்தான் கோளாறு" என்கிறார். அதற்கு ஆமாம் போட ஒரு கூட்டம். இதை நம்பித்தானே புதிதாக வண்டி எடுக்கும் பையன்கள் கடன் வாங்கி கிட் போடுகிறார்கள்?

என் வண்டி 2021 தார், ஏஎக்ஸ் ரகம், டீசல், மேனுவல். கம்பெனி கொடுத்த 245/75 ஆர்16 டயரில் கோவை–சேலம் போய் வந்தால் லிட்டருக்கு 13.1 கிலோமீட்டர் கொடுத்தது. தை மாதத்தில் மட்டும் மூன்று முறை பார்த்த கணக்கு. ஏப்ரலில் ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாற்றி 2 இஞ்ச் லிஃப்ட் போட்டேன். கூடவே சேற்றில் ஓட்டுவதற்கான 285/70 ஆர்17 மட் டயர். போன வாரம் அதே சேலம், அதே பங்க், அதே கால். 9.9 வந்தது. 3.2 கிலோமீட்டர் போயே போய்விட்டது. என் காலில் ஒரு கோளாறும் இல்லை. லிஃப்ட் மைலேஜைத் தின்னும். இதை விற்பவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும்.


ஈசிஆர் தார் | ஞாயிறு, இரவு 10.05

நானும் 2 இஞ்ச்தான் போட்டிருக்கிறேன். எல்எக்ஸ் டீசல், அதே 285/70 ஆர்17. சென்னை–புதுச்சேரி ஓட்டத்தில் முன்பு 13 வந்தது, இப்போது 12 வருகிறது. 80-ஐத் தாண்ட மாட்டேன். 3.2 எல்லாம் குறைய வாய்ப்பே இல்லை. மன்னிக்கவும், அந்தக் குழுவில் எழுதியவர் சொன்னதில் பாதியாவது உண்மை.


பழைய ஜிப்சி | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, ஒரே நாளில் லிஃப்டும் போட்டீர்கள், டயரும் மாற்றினீர்கள். அப்புறம் பழியை மட்டும் லிஃப்ட் தலையில் போட்டால் எப்படி?

245/75 ஆர்16 டயரின் விட்டம் 774 மில்லிமீட்டர். 285/70 ஆர்17 டயரின் விட்டம் 831. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன்பைவிட 7.4 சதவீதம் அதிக தூரம் போகிறது. உங்கள் ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் எண்ணுகிறது. டயர் மாறியது அதற்குத் தெரியாது. நீங்கள் 100 கிலோமீட்டர் போனால் 93 என்று காட்டும். அந்த 93-ஐ லிட்டரால் வகுத்துவிட்டு மைலேஜ் போச்சு என்று புலம்புகிறீர்கள்.

திருத்திப் பார்த்தால் உங்கள் 9.9 உண்மையில் 10.6. குறைந்தது 3.2 இல்லை, 2.5. மீதி 0.7-ஐ உங்கள் மீட்டர் முழுங்கியது.

ஒரே ஒரு கேள்வி. சேலம் போய் வந்தபோது, ஒரு ஓட்டத்தின் தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டர் முன்பு எவ்வளவு காட்டியது? இப்போது எவ்வளவு காட்டியது?


கருப்புத் தார் கோவை | ஞாயிறு, இரவு 11.15

ஐயா, நான் கணக்குப் பாடம் கேட்கவில்லை. டயர் போட்டதால்தான் குறைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாமல் அந்த டயரைப் போட முடியுமா? ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்துக்கு மேலே இருக்கும் உறையில், அதாவது ஃபெண்டர் லைனரில் உரசும். டயர் வேண்டும் என்றால் லிஃப்ட் வேண்டும். இரண்டும் ஒரே செலவு, ஒரே வேலை. எல்லோரும் இதைத்தான் லிஃப்ட் என்கிறார்கள்.

இன்னொன்று, என் மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. பழைய டயரில் மீட்டர் 80 காட்டும்போது போனில் ஜி.பி.எஸ். 75 காட்டும். இப்போது மீட்டரிலும் 80, ஜி.பி.எஸ்.ஸிலும் 80. பெரிய டயர் வந்த பிறகுதான் மீட்டரே ஒழுங்காகியிருக்கிறது. அப்புறம் எதைத் திருத்துவது?

கேட்டீர்கள், சொல்கிறேன். முன்பு 331, இப்போது 309. போட்ட டீசல் 31.2 லிட்டர். பில் இருக்கிறது.


பழைய ஜிப்சி | திங்கள், காலை 6.20

331, 309. நீங்களே எழுதிவிட்டீர்கள். கோவையும் நகரவில்லை, சேலமும் நகரவில்லை. அந்த 22 கிலோமீட்டர் எங்கே போனது தம்பி?

ஸ்பீடோமீட்டர் வேறு, ஓடோமீட்டர் வேறு. ஸ்பீடோமீட்டர் எந்த நேரத்திலும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. ஐ.நா. வாகன விதி 39-ஐப் படித்துப் பாருங்கள். கூட்டிக் காட்டலாம், உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. அதனால் எல்லாக் கம்பெனியும் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்ட வைக்கும். 75-ல் போனால் முள் 80-ல் நிற்கும். ஓடோமீட்டரில் அப்படிக் கூட்டி வைப்பதில்லை. முன்பு உங்கள் வேகம்தான் கூடுதலாகக் காட்டியது, தூரம் சரியாகத்தான் இருந்தது. பெரிய டயர் வந்ததும் வேகம் சரியாகிவிட்டது, தூரம் குறைந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

331-ஐ 31.2-ஆல் வகுங்கள். 10.6. நேற்று இரவு நான் எழுதியதும் அதே எண்தான்.


வால்பாறை ஜிம்னி | திங்கள், காலை 8.10

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஐந்து கதவு ஜிம்னி மேனுவல் வைத்திருக்கிறேன். 195/80 ஆர்15-லிருந்து 235/75 ஆர்15 போகலாமா என்று யோசிக்கிறேன். லிஃப்ட் வேண்டாம் என்கிறார் டயர் கடைக்காரர். ஆழியாறிலிருந்து மேலே வரும் 40 கொண்டை ஊசி வளைவையும் வாரத்துக்கு இரண்டு முறை ஏறுகிறேன். இப்போது 13 வருகிறது. எவ்வளவு குறையும்?


கருப்புத் தார் கோவை | திங்கள், காலை 9.30

ஜிம்னி நண்பரே, இங்கே தார் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

ஐயா, 22 கிலோமீட்டர் எங்கே என்று கேட்கிறீர்கள். தை மாதம் போனபோது குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்குள் போய் சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் போனோம். இந்த முறை தனியாக நேராகப் போனேன். அதுதான் அந்த 22 கிலோமீட்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.


பழைய ஜிப்சி | திங்கள், மதியம் 1.05

லட்சுமி நகரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கூடுதுறை போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டர் கூட ஆகாது. நான் பவானிக்காரன் மருமகன். அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று கேட்டாலும் சொல்வேன். அப்புறம், தையில் மூன்று முறை பார்த்த கணக்கு என்று எழுதினீர்களே, மூன்று முறையும் குடும்பத்தோடு கூடுதுறையா?

அந்த 22 கிலோமீட்டர் எங்கே?


ஈசிஆர் தார் | திங்கள், மதியம் 1.40

ஜிப்சி ஐயா சொல்வது சரி. டயர் மாற்றியதும் நானும் ஜி.பி.எஸ். தூரத்தைத்தான் கணக்கில் எடுக்கிறேன். அப்படித்தான் 12 வருகிறது.


கருப்புத் தார் கோவை | திங்கள், மதியம் 2.15

நீங்கள் கடற்கரைச் சாலையில் 80-ல் போகிறவர். கூரையில் கூடாரம் கட்டிக்கொண்டு மாமல்லபுரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்கு மட் டயர் எதற்கு? சேற்றில் ஒரு நாளாவது இறங்கியிருக்கிறீர்களா? உங்கள் 12-ஐ வைத்து என் 9.9-ஐப் பொய் என்று சொல்ல வேண்டாம்.


ஈசிஆர் தார் | திங்கள், மதியம் 2.22

கூடாரம் வருடத்துக்கு இரண்டு முறைதான் ஏறும். மற்ற நாள் கழற்றி வைத்துவிடுவேன். உங்கள் பழைய படத்தில் வண்டி மேல் கேரியர், அதில் இரண்டு ஜெர்ரி கேன், முன்னால் ஸ்டீல் பம்பர் எல்லாம் இருந்ததே. சேலம் போனபோது அதெல்லாம் வீட்டில் இருந்ததா, வண்டியில் இருந்ததா? முதல் பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.


பழைய ஜிப்சி | திங்கள், மாலை 6.50

ஓஹோ. கேரியரும் பம்பரும் உண்டா? இது எனக்குத் தெரியாது.

சரி, வரிசையாகப் பார்ப்போம். படிக்கிற மற்றவர்களுக்காவது உதவட்டும்.

லிஃப்ட் போட்டதால் வண்டியின் உடம்பு பெரிதாகவில்லை. மேலே போயிருக்கிறது, அவ்வளவுதான். காற்றுக்குப் புதிதாகக் காட்டும் முகம் என்றால் டயரின் கீழ்ப் பகுதியும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மும் ஆக்சிலும்தான். அடியில் புகும் காற்று கூடுதலாக முட்டி மோதும், அது உண்மை. ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60-ல் இருப்பதைப்போல 100-ல் இரண்டே முக்கால் மடங்கு. 80-லிருந்து 100-க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல். ஈசிஆர் தம்பிக்கு லிஃப்ட் வலிக்காததும் உங்களுக்கு வலிப்பதும் இதனால்தான். நீங்கள் என்ன வேகத்தில் போனீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

அடுத்தது டயர். ரோட்டு டயரோடு ஒப்பிட்டால் மட் டயர் ஒன்றுக்குச் சுமார் பத்து கிலோ கூடும். ஸ்டெப்னியோடு ஐந்து. அதில் நான்கு சுற்றும் எடை. ஒவ்வொரு டோல் கேட்டிலும் நின்று கிளம்பும்போது அத்தனையையும் மறுபடி சுழற்ற வேண்டும். கட்டை கட்டையாக இருக்கும் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகிறது. அந்தச் சூடு உங்கள் டீசல்தான். அதற்கு மேல் காற்று குறைவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். என்ன காற்று வைத்திருக்கிறீர்கள்?

பிறகு அலைன்மென்ட். தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். 2 இஞ்ச் தூக்கினால் ஆர்ம் கோணம் மாறும், கேம்பரும் (சக்கரம் மேலும் கீழுமாகச் சாயும் கோணம்) டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) இடம் மாறும். டோ விலகியிருந்தால் இரண்டு டயரும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டே போகும். டயரின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள், ரம்பம் மாதிரி இருந்தால் அதுதான். ஜிப்சி, ஜிம்னி மாதிரி முழு ஆக்சில் வண்டியில் கேம்பர் மாறாது, ஆனால் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) மாறும், ஸ்டீயரிங் அலையும்.

கடைசியாக கேரியர். மேலே காலியாக இருந்தாலும் காற்றை வாரி அடிக்கும். என்னைக் கேட்டால் 2 இஞ்ச் லிஃப்டைவிடக் கூரைமேல் இருக்கும் கேரியருக்குத்தான் நெடுஞ்சாலையில் அதிக டீசல் போகும்.

2009-ல் என் ஜிப்சியில் டயரைத் தொடாமல் லீஃப் ஸ்பிரிங் மட்டும் மாற்றி ஒன்றரை இஞ்ச் ஏற்றினேன். ஆறு மாதம் நோட்டில் எழுதினேன். 11.2 இருந்தது 11.0 ஆனது. லிஃப்டின் பங்கு அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு அந்த 22 கிலோமீட்டர் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.


கருப்புத் தார் கோவை | திங்கள், இரவு 8.30

பார்த்தீர்களா? 11.2 இருந்தது 11.0 ஆனது. நீங்களே குறைந்தது என்று எழுதிவிட்டீர்கள். ஒரு சொட்டும் குறையாது என்று அந்த ஆள் சொன்னது பொய்யா இல்லையா? நான் கேட்டது அது ஒன்றுதான்.

டயரில் காற்று 26 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். அகல டயருக்கு அது போதும், குலுங்காது என்று டயர் மாட்டிய கடையில் சொன்னார்கள். அலைன்மென்ட்டும் செய்திருக்கிறேன், பில் மார்ச் 28. வேகம் 90, 100. நான்கு வழிச் சாலையில் வேறு எப்படிப் போவது? கேரியர் வண்டியில்தான் இருந்தது, கேன் காலி. கேரியர் ஒரு காரணமே இல்லை.


பழைய ஜிப்சி | திங்கள், இரவு 8.41

லிஃப்ட் போட்டது ஏப்ரலில். அலைன்மென்ட் பில் மார்ச் 28. கல்யாணத்துக்கு முன்பே சீமந்தம் நடத்தியிருக்கிறீர்கள்.


வால்பாறை ஜிம்னி | திங்கள், இரவு 9.00

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. டயரே மாற்றாத எனக்கும் குறைந்த மாதிரி தெரிகிறது. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலேயே, பழைய வகையில் வடிவமைத்த கார்களுக்கு 6, 7 சதவீதம் குறையும் என்றும் எத்தனாலுக்கு ஏற்ப வடிவமைத்த கார்களுக்கு 1, 2 சதவீதம் என்றும் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் போட்டவர்களில் பாதிப் பேர் இதை லிஃப்ட் மேல் போடுகிறார்களோ?


கருப்புத் தார் கோவை | திங்கள், இரவு 9.12

என் வண்டி டீசல். முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள்.


வால்பாறை ஜிம்னி | திங்கள், இரவு 9.20

உங்கள் வண்டியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. எல்லாமே உங்களைப் பற்றித்தான் என்று ஏன் நினைக்கிறீர்கள்? 1200 கிலோ வண்டியில் நான் ஏறும் இடத்துக்கு உங்கள் வண்டி போன வருடம் ஏற முடியாமல் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா?


கருப்புத் தார் கோவை | திங்கள், இரவு 9.26

அது மழை பெய்த மறுநாள். அப்போது என் வண்டியில் ரோட்டு டயர். அதனால்தான் இந்த டயரே போட்டேன். ஜிம்னி ஏறியது எடை குறைவு என்பதால், ஓட்டியவர் திறமையால் இல்லை.


பழைய ஜிப்சி | திங்கள், இரவு 10.10

ஆனைமலைத் தோப்பில் நடந்ததைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். அன்று வண்டியை இழுத்து வெளியே எடுத்தது என் ஜிப்சி. கட்டியது என் டி ஷேக்கிள், இழுக்கும் கயிற்றை வண்டியில் மாட்டும் இரும்பு வளையம். இழுத்து முடித்த பிறகு அதைக் கழற்றி உங்கள் டூல் பெட்டியில் போட்டீர்கள். ஒரு வருடம் ஆகிறது. அதன் விலை எனக்குப் பெரிதில்லை. கேட்டு வாங்க வேண்டிய நிலைமைதான் வருத்தமாக இருக்கிறது.

ஜிம்னி தம்பிக்கு: 195/80 ஆர்15 விட்டம் 693, 235/75 ஆர்15 விட்டம் 733. வித்தியாசம் 5.8 சதவீதம். உங்கள் எஞ்சின் 1.5 லிட்டர் பெட்ரோல், முறுக்கு விசை (டார்க்) 134 நியூட்டன் மீட்டர். தார் டீசலில் 300 இருக்கிறது, கொஞ்சம் நீண்ட கியரைத் தாங்கும். உங்களுக்கு ஐந்தாவது கியர் தரை ரோட்டிலேயே திணறும், மலையில் இரண்டாவதில் ஏறிய வளைவை முதல் கியரில் ஏற வேண்டி வரும். 40 வளைவு ஏறுகிறவர் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் ஏற்ற 215/75 ஆர்15 ஆல் டெரைன் டயர் போடுங்கள். வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், மீட்டரும் ஏமாற்றாது. யார் வண்டியிலும் 22 கிலோமீட்டர் காணாமல் போகாது.


கருப்புத் தார் கோவை | செவ்வாய், காலை 7.15

ஷேக்கிள் என்னிடம் இல்லை. அன்றே உங்கள் மகன் கையில் கொடுத்தேன். பொதுவில் இப்படி எழுதுவது உங்கள் வயதுக்கு அழகில்லை.


போடி கமாண்டர் | செவ்வாய், காலை 11.30

நான் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் யாரும் எங்கே ஓட்டும்போது வரும் மைலேஜ் என்று சொல்லவே இல்லை. எங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. ஒரு டிரிப்புக்கு எத்தனை லிட்டர், அவ்வளவுதான். மேலே ஏறும்போது முதல் கியர், இரண்டாவது கியர். நடந்து போகிற ஆளுக்கும் எங்களுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே காற்று என்ன செய்யும்? எடையும் டயரும்தான் டீசல் குடிக்கும்.

எங்கள் முதலாளி ஒருமுறை பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று பெரிய டயர் மாட்டினார். ஏற்றத்தில் இழுவை போய்விட்டது. அரை கிளட்சிலேயே ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு சீசன் முடிவதற்குள் கிளட்ச் தட்டு கருகி, பழைய டயருக்கே திரும்பிவிட்டோம். மைலேஜ் கணக்கில் கிளட்ச் தட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கருப்புத் தார் கோவை | செவ்வாய், மதியம் 12.10

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நான் பேசுவது நெடுஞ்சாலை. நீங்கள் சொல்வதிலும் மாற்றம் செய்தால் டீசல் அதிகம் குடிக்கும் என்றுதானே வருகிறது? என் கட்சிதான்.


போடி கமாண்டர் | செவ்வாய், மதியம் 12.25

நான் யார் கட்சியும் இல்லை தம்பி. டயர் என்று சொன்னேன். லிஃப்ட் என்று சொல்லவில்லை.


ஈசிஆர் தார் | செவ்வாய், மதியம் 3.00

ஆளுக்கு ஒன்று சொல்கிறீர்கள், சட்டத்தை யாரும் பேசவில்லை. வண்டியின் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. ஸ்டீல் பம்பருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் கடிதம் போட்டது. அந்த பம்பரைக் கழற்றினால் எடையும் குறையும், மோதினால் எதிரில் வருபவரும் பிழைப்பார்.


கருப்புத் தார் கோவை | செவ்வாய், மதியம் 3.08

நீங்களும் லிஃப்ட் போட்டவர்தானே? உங்கள் ஆர்.சி.யில் 285 என்று எழுதியிருக்கிறதா?


ஈசிஆர் தார் | செவ்வாய், மதியம் 3.15

நான் மறைக்கவில்லையே. தெரிந்தேதான் போட்டேன். பம்பர் போடவில்லை, அதுதான் வித்தியாசம்.


பழைய ஜிப்சி | செவ்வாய், இரவு 7.40

சட்டத்தைப் பிறகு பேசலாம். நேற்று இரவு ஒன்று தோன்றியது. தம்பி பழைய கணக்கு எடுத்தது தை மாதம். புதுக் கணக்கு போன வாரம், அதாவது ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றைக் கோவைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மியே பறக்கும் காற்றில் பெட்டி மாதிரி இருக்கும் தாரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும், சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. வண்டி 90, காற்று 25 என்று வையுங்கள். போகும்போது வண்டிக்குத் தெரிகிற காற்று 65, வரும்போது 115. இரண்டையும் வர்க்கமாக்கி சராசரி எடுத்தால் காற்றே இல்லாத நாளைவிடத் தடை சுமார் 8 சதவீதம் கூடுதல். கேரியர் இருந்தால் அந்தத் தடையே பெரிது, அதில் 8 சதவீதம். இதையும் லிஃப்ட் தலையிலேயே கட்டுகிறீர்கள்.

மீட்டர் 0.7 தின்றது. மட் டயர், 26 காற்று, விலகிய டோ, கேரியர், பம்பர், ஆடிக் காற்று எல்லாம் சேர்ந்து மீதி 2.5. இதில் லிஃப்டுக்கு என்ன மிச்சம்? என் நோட்டுப்படி 0.2.

22 கிலோமீட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.


கருப்புத் தார் கோவை | செவ்வாய், இரவு 9.05

காற்று, எத்தனால், சட்டம், ஷேக்கிள், சங்கமேஸ்வரர் எல்லாம் வந்துவிட்டது. லிஃப்ட் மட்டும் நிரபராதி. கம்பெனி விட்ட மாதிரி இருந்தபோது 13.1. கை வைத்த பிறகு 9.9. இந்த இரண்டு எண்ணையும் யாராலும் அழிக்க முடியாது. பங்கில் கொடுக்கும் பணம் திருத்திய மைலேஜில் குறையப் போகிறதா?


பழைய ஜிப்சி | செவ்வாய், இரவு 9.18

குறைந்துதான் இருக்கிறது. நீங்கள் 309-க்குக் கொடுத்ததாக நினைக்கும் பணத்துக்கு வண்டி 331 ஓடியிருக்கிறது. பணம் உண்மை, டீசல் உண்மை, தூரம்தான் பொய். இதைப் புரிந்துகொள்ள ஏன் இவ்வளவு பிடிவாதம்?

நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் நட்டிருக்கிறார்கள். ட்ரிப் மீட்டரை ஒரு கல்லில் பூஜ்யமாக்கி 50 கல் எண்ணிக்கொண்டு போங்கள். மீட்டர் 50 காட்டினால் இந்தத் திரியிலேயே மன்னிப்புக் கேட்கிறேன். 46.6 பக்கத்தில்தான் காட்டும்.


ஈசிஆர் தார் | புதன், காலை 10.30

காலையில் திண்டிவனம் பக்கம் ஒரு வேலை. போகும் வழியில் நானே எண்ணிவிட்டேன். 50 கல்லுக்கு என் மீட்டர் 47.4 காட்டியது. எல்எக்ஸ்ஸில் வந்தது 255/65 ஆர்18, விட்டம் 789. அதிலிருந்து 831 என்றால் 5.3 சதவீதம். ஐயா கணக்குப்படி 47.5 வர வேண்டும். படம் போட்டிருக்கிறேன்.


கருப்புத் தார் கோவை | புதன், காலை 10.52

உங்கள் வண்டி எல்எக்ஸ். என்னுடையது ஏஎக்ஸ். இரண்டுக்கும் மீட்டர் ஒன்றா? தவிர, சாலை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி இஷ்டத்துக்கு நடுகிறார்கள். பைபாஸ் வந்த இடத்தில் பழைய எண்ணே தொடர்கிறது. கல்லை நம்பி என் பில்லைத் தள்ள முடியாது.


பழைய ஜிப்சி | புதன், காலை 11.00

50 கல்லும் சேர்ந்து சதி செய்து, நான் முன்கூட்டியே சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதா?


வால்பாறை ஜிம்னி | புதன், மதியம் 1.30

ஜிப்சி ஐயாவுக்கு நன்றி. 215/75 சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐந்தாவது கியர் தரை ரோட்டிலேயே திணறும் என்றதை ஏற்க மாட்டேன். நண்பர் ஒருவர் 235 போட்டு ஓட்டுகிறார், நன்றாகத்தான் போகிறது.


பழைய ஜிப்சி | புதன், மதியம் 1.44

அவரை ஐந்தாவது கியரில் 60-லிருந்து ஒரு லாரியை முந்தச் சொல்லிப் பாருங்கள். கியரைக் குறைக்காமல் முந்தினால் எனக்கு எழுதுங்கள்.


கருப்புத் தார் கோவை | ஞாயிறு, இரவு 8.15

கேரியரைக் கழற்றினேன். அலைன்மென்ட்டும் புதிதாகச் செய்தேன், டோ கொஞ்சம் விலகியிருந்தது. காற்று 34. இன்று மறுபடி சேலம் போய் வந்தேன். 10.8. அதாவது எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் 13.1-க்குத் திரும்பவில்லை. 2.3 குறைவு. மிச்சம் இருப்பது லிஃப்ட்தான். இனி யாரும் என்னிடம் லிஃப்ட் மைலேஜைத் தொடாது என்று சொல்ல வேண்டாம்.


பழைய ஜிப்சி | ஞாயிறு, இரவு 8.22

மட் டயர் வண்டியில்தானே இருக்கிறது? பம்பர்? ட்ரிப் மீட்டர் எவ்வளவு காட்டியது?


கருப்புத் தார் கோவை | ஞாயிறு, இரவு 8.25

308. அதனால் என்ன? கோவை–சேலம் போய் வர 308-தான். 331 என்று தையில் காட்டியதுதான் தவறாக இருந்திருக்கும்.